புரொபேஷன் முடியும் முன் டெக்சாஸுக்குப் போகலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

மருந்துப் பதிவேட்டில் நேர்ந்த பிழைகளுக்காக உங்கள் கலிபோர்னியா ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமத்தின் மீது 3 ஆண்டு புரொபேஷன், அதாவது நிபந்தனைகளோடு பணியாற்றும் கண்காணிப்புக் காலம், விதிக்கப்பட்டு 14 மாதங்கள் கழிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்திருப்பதால், இந்த உரிமத்தைக் கலிபோர்னியா செவிலியர் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டு அங்கே புதிதாகத் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்படைக்காதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டால் கறை படியாது என்றொரு நினைப்பு நம்மவர்களிடையே உலவுகிறது. புரொபேஷன் காலத்தில் உரிமத்தை ஒப்படைப்பதையும் கலிபோர்னியா வாரியம் ஒழுங்கு நடவடிக்கையாகவே பதிவு செய்கிறது. பின்னாளில் அதைத் திரும்பக் கேட்பதற்கு, நோய் காரணமாக ஒப்படைத்தவர்களைத் தவிர மற்றவர்கள் குறைந்தது 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது உரிமத்தை ஒப்படைத்தவரை, மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மெடிகேர், மெடிகெய்டு என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கிவைக்க முடியும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், அத்திட்டங்களின் பணத்தைப் பெறும் எந்த மருத்துவமனையும் உங்களை வேலைக்கு வைக்கத் துணியாது. உரிமம் மீண்டும் கைக்கு வந்த பிறகும் பெயர் தானாக நீங்காது, அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

டெக்சாஸில் நீங்கள் கேட்க வேண்டியது எண்டார்ஸ்மென்ட் வழியிலான உரிமம், அதாவது வேறு மாநில உரிமத்தை அடிப்படையாகக் கொண்டு தரப்படுவது. என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. அம்மாநிலச் செவிலியர் சட்டத் தேர்வும் கைரேகைச் சோதனையும் உண்டு, அவை உங்களுக்குச் சிரமமாக இரா. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பல மாநிலங்களில் செல்லும் காம்பாக்ட் உரிமத்தைத் தரும் மாநிலங்களில் டெக்சாஸ் உண்டு, கலிபோர்னியா இல்லை. ஆனால் எந்த மாநிலத்திலாவது நிபந்தனைக்குட்பட்ட உரிமம் வைத்திருப்பவருக்குக் காம்பாக்ட் உரிமம் கிடைக்காது. ஆகவே இன்றைய நிலையில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது டெக்சாஸில் மட்டும் செல்லும் உரிமம்தான்; அதையும் அந்த வாரியம் தன் சொந்த நிபந்தனைகளோடு தரலாம், மறுக்கவும் செய்யலாம்.

இது குற்றவழக்கு அல்ல என்பதால், முன்பு ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி குற்றவழக்கைப் பற்றியதே அல்ல, வாரியத்தின் ஆணையைப் பற்றியது. உங்கள் ஆணை, செவிலியர் உரிமங்களைப் பதியும் நர்சிஸ் தரவுத்தளத்திலும், மருத்துவப் பணியாளர்கள் மீதான நடவடிக்கைகளைப் பதியும் மத்திய அரசின் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க்கிலும் ஏறியிருக்கும். உங்கள் விண்ணப்பத்தைத் திறப்பவருக்கு அது முன்னதாகவே தெரிந்திருக்கும். பழைய பிழையை மன்னிக்கும் வாரியங்கள்கூட மறைத்ததை மன்னிப்பது அரிது. பொய்ப் பதில் அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

விளக்கக் கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே அதில் தடுக்கி விழுந்தவள். பல ஆண்டுகளுக்கு முன், மிஞ்சிய போதை மருந்தைச் சாட்சிக் கையொப்பம் இல்லாமல் அப்புறப்படுத்தியதாக வேறொரு மாநிலத்தில் எனக்குப் பகிரங்கக் கண்டனம் வந்தது. மாநிலம் மாற விண்ணப்பித்தபோது நான் எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கம்: ஆள் பற்றாக்குறை, இரவுப்பணி, மேற்பார்வையாளரின் பாரபட்சம் எல்லாம் அதில் இருந்தன, நான் செய்தது என்ன என்பது மட்டும் இல்லை. என் வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, “இதில் நீங்கள் எங்கே?” என்று கேட்டுத் திருப்பித் தந்தார். இரண்டாவது கடிதம் ஒரு பக்கம்தான்: செய்தது என்ன, ஆணை என்ன சொன்னது, எந்தப் பயிற்சிகளை முடித்தேன், அதன்பின் என் வேலைமுறை எப்படி மாறியது. அதனுடன் ஆணையின் சான்றிட்ட நகல், பயிற்சிச் சான்றுகள், நடந்ததை அறிந்த மேற்பார்வையாளர் ஒருவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்தேன். உரிமம் கிடைத்தது. கண்டனத்தை அறியாதவர் எழுதிய பாராட்டுக் கடிதத்துக்கு மதிப்பில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இனி, உங்கள் 14 மாதங்களுக்கு வருகிறேன். கலிபோர்னியாவுக்கு வெளியே வசிக்கும் காலம் புரொபேஷன் கணக்கில் சேராது. நீங்கள் போன அன்று கடிகாரம் நின்றுவிடும், இடமாற்றத்தை 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் 3 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புரொபேஷனில் 2 ஆண்டுகள் கடந்தவர் அதை முன்கூட்டியே முடித்துவைக்கக் கோரி மனுச் செய்யலாம். உங்களுக்கு அதற்கு இன்னும் 10 மாதங்களே இருக்கின்றன. மனு ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை, விசாரணைக்கும் காலம் பிடிக்கும். இருந்தாலும் கணவர் முதலில் போகட்டும், நீங்கள் பின்னர் போங்கள் என்பதே என் கருத்து. குடும்பம் ஓராண்டுக்கு மேல் இரண்டு வீடாக இருப்பது எளிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன். அதற்குள் வாரியம் விதித்த விசாரணைச் செலவுத் தொகையையும், வாரம் 24 மணி நேரம் வீதம் தொடர்ந்து 6 மாதம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் நிறைவு செய்துவிடுங்கள்.

அந்த 2 ஆண்டுகள் ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. ஆணையின் பிரதியை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். அதைக் குறித்துக்கொண்டு, உரிம வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள்.