கூட நடக்க ஒரு ஆள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து, கீமோ முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. ஸ்கேனில் நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள், அதோடு சரி. சிகிச்சையின்போது தினமும் மெசேஜ் அனுப்பிய நண்பர்கள் இப்போது கூப்பிடுவதே இல்லை. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். நான் மாடிப்படி ஏறினாலே அம்மா பதறுகிறார். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. எனக்குத் தேவை மனிதர்கள், உடற்பயிற்சி எதற்கு என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா?

க.

அன்புள்ள க.,

மனிதர்கள் தேவை என்று நீங்கள் நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் மனிதர்களை ஒரு பக்கமும் உடற்பயிற்சியை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டீர்கள். உங்கள் நிலையில் இரண்டையும் சேர்த்துத் தேடுவதுதான் சுலபம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அசதி. புற்றுநோயும் கீமோவும் விட்டுப்போகிற அசதி தூங்கித் தீர்வதில்லை. படுத்தே இருந்தால் தசை கரையும், அப்புறம் நாலு படி ஏறுவதும் மலையேற்றமாகிவிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற மருத்துவ அமைப்பு கூட்டிய நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட பரிந்துரை இது: வாரம் மூன்று நாள், 30 நிமிடம், பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கும் நடை போன்ற பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு மூன்றையுமே அது குறைக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், இந்த அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் நன்றாக வேலை செய்வதாகவே சொன்னார்கள். நீங்கள் 30 நிமிடத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும், அதுவும் முடியாத நாளில் ஐந்து.

அம்மா பதறுவதில் ஆச்சரியம் இல்லை. ஓய்வுதான் மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். நடக்கலாம் என்று டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும்.

இனி நண்பர்கள். சிலர் உண்மையிலேயே விலகிப் போயிருப்பார்கள், அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் பலர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சிகிச்சையின்போது அவர்களுக்கு வேலை இருந்தது: ரத்தம் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட வர வேண்டும். ஸ்கேன் சுத்தம் என்றதும் அந்த வேலை போய்விட்டது. தன் கல்யாணத்தையும் பதவி உயர்வையும் உங்களிடம் சொல்லலாமா என்றுகூடக் கூச்சப்படுவார்கள். "ஏன் கூப்பிடவே இல்லை?" என்று கேட்டால் மன்னிப்பு கேட்டுவிட்டு இன்னும் தள்ளிப் போவார்கள். "செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு நடக்கப் போகிறேன், ஒரு நாளாவது வா" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒருவர் வந்து நின்றால் போதும். அவர் வாசலில் காத்திருக்கும்போது, அசதி என்று படுத்துக்கொள்ள உங்களுக்கும் மனம் வராது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு டெர்ரி ஃபாக்ஸ் நினைவு வரும். கனடாக்காரர். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்தபோதே ரிக் ஹான்சன் என்பவர் அவரைச் சக்கர நாற்காலி கூடைப்பந்து அணியில் ஆட அழைத்தார். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியவரை உலகத்துக்குத் தெரியும். நான் பெரிதாக நினைப்பது அந்த அழைப்பைத்தான். இரக்கப்பட்டுப் பார்க்க வராமல், ஆட வா என்று ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். ஓட்டத்தில் கூடவே வேன் ஓட்டி வந்தது நண்பர் டக் ஆல்வார்ட். வழியில் இரண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்லாத அளவுக்குச் சண்டை போட்டு, நடுவில் நிற்க டெர்ரியின் தம்பியை வரவழைக்க வேண்டியிருந்தது. நோயாளியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். டக் போட்டார், வண்டியையும் தொடர்ந்து ஓட்டினார். முதலில் யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தால், உங்களோடு பழையபடி சண்டை போடக்கூடியவரைக் கூப்பிடுங்கள்.

(டெர்ரி 1981இல் இறந்துவிட்டார். அவருடைய நோய் வேறு, காலமும் வேறு. ஹாட்ஜ்கின் லிம்போமா இன்று பெரும்பாலானவர்களுக்கு முழுதாகக் குணமாகிறது. டெர்ரியின் முடிவை நினைத்துக் கலங்க வேண்டாம்.)

நண்பர்களிடம் பேச முடியாத விஷயங்களும் இருக்கும்: குழந்தை பிறக்குமா, கல்யாணப் பேச்சில் இதை எப்போது சொல்வது, புது வேலைக்குப் போனால் சொல்ல வேண்டுமா. 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களின் பிரச்சினைகளைப் புற்றுநோய் மருத்துவம் இப்போது தனியாகவே கவனிக்கிறது. அறுபது வயதுக்காரர்கள் நிறைந்த ஆதரவுக் குழுவில் இதையெல்லாம் பேச வாய் வராது. உங்கள் வயதில் சிகிச்சை முடித்தவர் யாரையாவது அறிமுகப்படுத்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதே நாளில் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹாட்ஜ்கினுக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பிளியோமைசின் நுரையீரலையும் பாதிக்கக்கூடும். உங்களுக்கு அவை தரப்பட்டனவா, வேகமாக ஓடவோ கனமான எடை தூக்கவோ ஆரம்பிக்கும் முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் நுரையீரல் சோதனையும் தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள். மெதுவான நடைக்குப் பொதுவாக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.