சோளக்கொல்லை பொம்மைக்குப் பறவைகள் ஏன் பயப்படுவதில்லை?

பொம்மை நட்ட முதல் சில நாள் கிளி எட்டிக்கூடப் பார்க்காது, அப்புறம் அதன் தலையிலேயே உட்கார்ந்துவிட்டுக் கதிரைக் கொத்தப் போகும். ஏன் என்றால், பழகிவிடுகிறது. பயந்து பறக்கும் ஒவ்வொரு தடவையும் பறவைக்கு இரையும் போச்சு, தெம்பும் போச்சு. அதனால் மிரட்டுகிற பொருள் ஒன்றும் செய்யாது என்று தெரிந்ததும் கண்டுகொள்வதை விட்டுவிடுகிறது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ரயில் சத்தத்திலேயே தூங்குவதில்லையா, அதேதான்.

ஆகவே பறவையை மிரட்டும் எதையும் கதிர் பால் பிடிக்கும்போது கட்டினால் போதும், முன்கூட்டியே கட்டி வீணாக்காதீர்கள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளி நிறமுள்ள மினுமினுப்பு ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, கதிருக்குச் சற்று மேலே கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் பளிச்சிடும், காற்றில் விர்ரென்று அதிரும். சில நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். காலையும் சாயங்காலமும் ஆள் நடமாட்டம் இருந்தால் இன்னும் நல்லது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்த பெண்கள் கையில் தட்டை என்னும், தட்டி ஒலி எழுப்பும் மூங்கில் கருவியும், கல் எறியும் கவணும் இருக்கும்: ஆளும் நகரும், கல்லும் வரும், பறவை எப்படிப் பழகும்?

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவி பறவையை விரட்டும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். நமக்குக் கேட்கும் மிக உச்சமான ஒலியே பெரும்பாலான பறவைகளுக்குக் கேட்காது, அதற்கும் மேலே உள்ளது எப்படிக் கேட்கும்?