பித்தானை அமுக்கினால் வரும் பாட்டு

கேள்வி: பாசடீனாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு வயது 58. பேரன் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு டெபெஷ் மோட், நியூ ஆர்டர், தி க்யூர் என்று எண்பதுகளின் பிரிட்டிஷ் குழுக்கள் பாட்டையே நாள் பூராவும் போட்டுக் கேட்கிறார். கச்சேரி என்றால் விமானம் ஏறிப் போகிறார். பித்தானை அமுக்கினால் மெஷின் பாடுகிற பாட்டுக்கு இத்தனை பைத்தியமா? போன இளமையை நினைத்து ஏங்குவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை

பதில்: பெயரைப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது, நம் பத்திரிகை பாசடீனாவுக்குப் போவதும் இல்லை. யாருக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. மகளுக்கா?

முதலில் அந்தப் பித்தானைப் பார்ப்போம். நீங்கள் சொல்வதை 1982இலேயே சொல்லிவிட்டார்கள். பிரிட்டன் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் லண்டன் கிளை, மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் சிந்தசைஸரையும் தாளம் போடும் டிரம் மெஷினையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானமே போட்டது. அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். இருபது வயலின்காரர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்கும் வயிறு கலங்கும். உங்களுக்கு அந்தப் பிழைப்புக் கவலையும் இல்லை. சும்மா திண்ணையில் உட்கார்ந்து திட்டுகிறீர்கள்.

அந்தக் காலத்து மெஷினிடம் வேலை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மினிமூக் என்ற சிந்தசைஸர் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். சூடேறினால் சுருதி விலகும். அருமையாக ஒரு ஒலி அமைந்துவிட்டால் அதைச் சேமித்துவைக்க வழி கிடையாது; எந்தத் திருகு எந்த இடத்தில் நின்றது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கேரி நியூமன் என்ற பையன் கிட்டார் வைத்து பங்க் என்ற முரட்டு ராக் பாணியில் ஆல்பம் பதிவு செய்யப் போன ஸ்டூடியோவில், முன்னால் வந்த யாரோ விட்டுவிட்டுப் போன மினிமூக் ஒன்று கிடந்தது. ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். கொண்டுவந்த பாட்டுகளை அங்கேயே மாற்ற ஆரம்பித்தார். 1979இல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 21.

நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' 1983இல் வந்தது. பன்னிரண்டு அங்குல சிங்கிள் இசைத்தட்டுகளில் அதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை. அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மெஷினில் ஏற்றும் வேலை குழுவிலிருந்த கில்லியன் கில்பர்ட் என்ற பெண்ணின் தலையில் விழுந்தது. சுரங்களைத் தாள் தாளாக எழுதி, செல்லோ டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டூடியோ நீளத்துக்கு விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒரு சுரம் விட்டுப்போயிற்று. அதனால் மெட்டு தாளத்தை விட்டு ஒரு மயிரிழை தள்ளி ஓடும். பிறகு திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது வருஷமாகக் கேட்டு ஆடுவது அந்தப் பெண்ணின் கை பிசகிய இடத்தைத்தான். மெஷின் தானாகப் பாடியிருந்தால் அந்தப் பிசகு ஏது?

இதில் இன்னொரு சங்கதி. பெட்டி வந்ததால் வேலை போனவர்கள் உண்டு. பெட்டி வந்ததால் வாசலுக்கு உள்ளே வர முடிந்தவர்களும் உண்டு. டெபெஷ் மோட் வந்தது எசெக்ஸில் உள்ள பாசில்டனிலிருந்து. லண்டனில் இடம் போதாமல் போனவர்களுக்காகப் போருக்குப் பின் அரசாங்கம் கட்டிய ஊர் அது. சங்கீதப் பள்ளி வாசலை மிதிக்காத நாலு பையன்கள், தொலைக்காட்சியில் முதன்முறை பாடப் போனபோது சிந்தசைஸரைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் போனார்கள். டிரம் செட்டாக இருந்தால் ரயிலில் ஏற்றியிருக்க முடியுமா? அவர்களைச் சேர்த்துக்கொண்ட மியூட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தோடு வருஷக்கணக்கில் எழுத்து ஒப்பந்தமே இல்லை. கை குலுக்கியதோடு சரி. ஷெஃபீல்டில் ஹியூமன் லீக் குழு இரண்டாக உடைந்தபோது, மிஞ்சிய பாடகர் ஃபில் ஓக்கி ஒரு நடனக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1980இல் நடந்தது. இருவரும் தொழில்முறையில் பாடியதே இல்லை. இன்றைக்கும் அவரோடு மேடையில் நின்று பாடுகிறார்கள். உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரே நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததுண்டா?

இனி, இளமை ஏக்கம். போன இளமைக்காக ஏங்குகிறவன் பழைய பாட்டோடு நின்றுவிடுவான். புது ஆல்பம் வாங்க மாட்டான். தி க்யூர் 16 வருஷம் ஆல்பமே போடாமல் இருந்து, 2024 நவம்பரில் ஒன்றைப் போட்டது. முழுக்க முழுக்கச் சாவும் மூப்பும் பற்றிய பாட்டுகள். ஆடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிரிட்டனில் நேராக முதலிடத்துக்குப் போனது. டெபெஷ் மோட் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருந்த ஆண்டி ஃப்ளெட்சர் 2022 மே மாதம் இறந்தார். மிஞ்சிய இருவரும் அடுத்த வருஷமே ஆல்பத்தை முடித்து ஊர் ஊராகப் போனார்கள். மெக்சிகோ நகரத்தில் மட்டும் மூன்று இரவு. கேட் புஷ் என்ற பாடகி 1985இல் பாடிய பாட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த வேகத்தில் 2022இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதைத் தூக்கிவிட்டது பதினைந்து வயதுப் பிள்ளைகள். எந்த இளமைக்கு ஏங்கினார்கள், போன வருஷத்து இளமைக்கா?

கிழக்கு பெர்லினைப் பாருங்கள். 1988 மார்ச் 7, சுவர் இன்னும் விழவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி இளைஞர் அமைப்பின் பிறந்தநாள் கொண்டாட்டம் என்ற பெயரில் டெபெஷ் மோட் அங்கே பாடியது. மேற்கு பெர்லின் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து, அதிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து இன்னொன்று என்று இரைச்சலோடு கேட்டு வளர்ந்த கூட்டம் அது. அடுத்த வருஷம் சுவர் போயிற்று, அதற்கடுத்த வருஷம் அந்த நாடே போயிற்று. அந்த ரசிகர்கள் எங்கும் போகவில்லை. ரஷ்யாவில் இன்னும் வேடிக்கை. டெபெஷ் மோட் பாடகர் டேவ் கானின் பிறந்தநாள் மே 9. அங்கே அது போரில் வென்ற நாள். மாஸ்கோவில் முதியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நடந்த அதே நாளில், கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் டேவ் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் வந்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் என் அபிப்பிராயம் இதுதான். இந்தப் பாட்டு அவர்கள் கையில் யாரும் கொடுத்தது அல்ல. தேடிப் பிடித்தது. உதட்டில் சாயம் பூசிய தி க்யூர் பாடகர் ராபர்ட் ஸ்மித் படத்தைச் சுவரில் ஒட்டியவனுக்கு வீட்டில் திட்டு, பள்ளியில் அடி. வகுப்பில் அவன் ஒருவன்தான் அப்படி. பிறகு ஒருநாள் மைதானத்துக்குள் நுழைந்து பார்த்தால் தன்னைப் போலவே அறுபதாயிரம் பேர். அந்த நாளை மறந்துவிட்டு வா என்கிறீர்கள்.

அறுபதாயிரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 1988 ஜூன் 18, பாசடீனா ரோஸ் பவுல் மைதானம், டெபெஷ் மோட் பயணத்தின் 101வது, கடைசிக் கச்சேரி. கிட்டத்தட்ட அத்தனை பேர். பெரிய ரேடியோக்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில் கே-ராக் என்ற உள்ளூர் நிலையம் ஒன்று விடாமல் போட்டுப் போட்டுச் சேர்த்த கூட்டம். டேவ் கான் கையை ஆட்ட, மைதானமே கதிர் முற்றிய வயல் மாதிரி ஆடியது. கடைசியில் காசாசையைப் பற்றிய பாட்டு ஒன்று. குழு நிறுத்திய பிறகும் கூட்டம் பல்லவியை விடவில்லை. அந்தப் பயணத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் டி-ஷர்ட் விற்ற காசை எண்ணும் காட்சியும் அதில் இருக்கிறது. யாரும் வெட்டவில்லை.

காசு என்றதும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஆல்பத்தை எல்பியாக, கேசட்டாக, சிடியாக வாங்கியவனுக்கு நாலாவது முறை நீல நிற எல்பி என்று விற்கிறார்கள், அவனும் வாங்குகிறான். அது பைத்தியம்தான். ஆனால் 2023 அமெரிக்கப் பயணத்தில் தி க்யூர் 20 டாலருக்குக்கூட டிக்கெட் வைத்தது. விற்ற நிறுவனம் கட்டணம் என்று அதற்கு மேலேயே ஒரு தொகையைப் போட்டது. ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகச் சண்டை பிடித்து, ரசிகர்களுக்கு ஐந்து, பத்து டாலர் திருப்பி வாங்கிக் கொடுத்தார். பத்து டாலர் பெரிய தொகை இல்லை. ஆனாலும் அறுபத்து மூன்று வயதில் ஒரு பாடகர் அதற்காக மல்லுக்கு நின்றதை ரசிகன் மறப்பானா?

இன்னொன்று. எண்பதுகளின் இளையராஜாவை நீங்கள் கேட்டால் ரசனை, அவர் டெபெஷ் மோட் கேட்டால் ஏக்கமா?

அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போது அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 1988 ஜூன் 18 அன்று எங்கே இருந்தீர்கள்? ரோஸ் பவுல் அதே ஊர்தான். அவர் பதில் சொல்லி முடிக்க நேரமாகும். காபியை முன்னாடியே குடித்துவிட்டுப் போங்கள்.