மொளகா இலையில புள்ளி, ஹார்மோன் அடிக்கலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. லயத்துக்குப் பின்னாடி 40 மொளகா செடி, இலையில குண்டூசித் தலை அளவு காஞ்ச புள்ளி, செல் சாகறத நிறுத்தும்னு ஒரு ஏஜென்ட் 85 வெள்ளிக்கு ஹார்மோன் பாட்டில் நீட்றாராம், வாங்கலாமான்னு.

வாங்காதீங்கக்கா. பத்து புள்ளிய சுத்தி பேனால வட்டம் போட்டு வைங்க, நாலு நாள் கழிச்சு பாருங்க. வட்டத்த தாண்டலன்னா அது செடியே செஞ்ச வேலையா இருக்கலாம். கிருமி நொழைஞ்ச எடத்து செல்லுங்க தானாவே செத்துரும், கிருமிக்கு அதுக்கு மேல சோறு கெடைக்காது. சாலிசிலிக் ஆசிட்னு செடிக்குள்ளயே ஊர்ற ஹார்மோன்தான் இதுக்கு முக்கியம், புள்ளிக்கு நடுவுல ரொம்ப கூடினா செல் சாகும், ஓரத்துல கம்மியா இருக்கறதால பக்கத்து செல் பொழைச்சு உஷாராயிடும். இத நிறுத்தவா 85 வெள்ளி?

தாண்டி வளந்தா வேற கதை. மொளகா பழத்துல குழி விழுந்து வட்டம் வட்டமா அழுகுமே, அந்தக் காளான் செல்ல கொன்னு தின்னுதான் பெருகுது, அங்க செல் சாகறது அதுக்கு விருந்து. இந்த மாதிரி காளான்கிட்ட செடிக்கு கைகுடுக்கறது ஜாஸ்மோனிக் ஆசிட்டும் எத்திலீனும், சாலிசிலிக் ஏறினா ஜாஸ்மோனிக் எறங்கிடும், அதனால எந்த கிருமின்னு தெரியாம ஒண்ண ஊத்தினா இன்னொரு கதவு தெறந்துக்கும். ஆஸ்பிரினும் சாலிசிலிக் ஆசிட் வகைதானேன்னு அத கரைச்சு ஊத்தச் சொல்றவங்களும் இருக்காங்க. 1979ல புகையிலை இலைக்குள்ள ஆஸ்பிரின ஏத்தி பாத்தப்ப வைரஸ் புள்ளி கொறஞ்சது நெஜம், ஆனா அது புகையிலை, அது வைரஸ். உங்க செடிக்கு அளவு கூடினா இலை கருகிடும்.

ஹார்மோன்னா என்னன்னு பால்மரம் வெட்டினவங்களுக்கு நான் சொல்ல வேணாம். பட்டையில தடவற மருந்து உள்ள போயி எத்திலீனாதான் மாறுது, அளவா போட்டா பால் கொட்டும், பேராசையில போட்டா பட்டை காஞ்சு பாலே நின்னுரும், எங்கப்பா நெரையில அப்படி நின்ன மரங்கள பாத்திருக்கேன்.

பூச்சிமருந்துன்னா லேபில்ல பதிவு நம்பர் இருக்கணும், 1974லயே சட்டம் வந்தாச்சு. ஏஜென்ட்டுங்க அதையே உரம், டானிக்னு பேர மாத்தி வித்துட்டுப் போறாங்க, கேக்க ஆளில்ல. இலைய எடுத்துட்டு விவசாய ஆபீசுக்குப் போனா அந்த கவுண்டர் இந்த கவுண்டர்னு அலைய விட்றாங்க, பதில் வர்றதுக்குள்ள மொளகா சீசனே முடிஞ்சிரும், எனக்கு பத்திக்கிட்டு வருது.

இப்போதைக்கு இலைமேல தண்ணி ஊத்தாதீங்க, வேருக்கு மட்டும் காலையில ஊத்துங்க. அழுகின பழத்த செடிக்கு அடியிலேயே போடாம பைல கட்டி வெளிய போட்ருங்க.