கிணற்றடிக் குருவிக்கு எத்தனை மடங்கு ஜூம்?

தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். மழையும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறது. இப்போது வரும் கேள்விகளைப் பார்த்தால் காரைக்குடி வட்டாரத்தில் பாதிப் பேர் பின்கட்டில் உட்கார்ந்து குருவி பார்க்கிறார்கள் போலிருக்கிறது. சரி, மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகளெல்லாம் அடுத்த முறைக்கு. இந்த முறை குருவிக்குத்தான்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊர் தேவகோட்டை. எங்கள் வீட்டில் மூன்றாம் கட்டைத் தாண்டினால் கிணறு, ஒரு முருங்கை, இரண்டு கொய்யா. தேன்சிட்டு, சின்னான், தவிட்டுக்குருவி எல்லாம் தினமும் வரும். இந்தக் கார்த்திகையில் ஒரு மாங்குயிலும் வந்து போகிறது. போனில் எடுத்தால் மஞ்சளாக ஒரு புள்ளிதான் தெரிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், 125 மடங்கு ஜூம் உள்ள கேமராவை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். வாங்கச் சொல்லலாமா?

பதில்: சார், மகனுக்குப் பதில் சொல்லும் முன் வீட்டில் இருக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அடுப்படி ஜன்னலில் இருந்து முருங்கை வரை அளந்து பாருங்கள். உங்கள் பக்கத்து வீடுகளை வைத்துச் சொன்னால் எட்டு மீட்டர் இருக்கும். பெரிய வளவு என்றால் பன்னிரண்டு.

உங்கள் மகன் சொல்வது நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 ஆகவோ அதற்குப் பின் வந்த பி1100 ஆகவோ இருக்கும். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் 24 மில்லிமீட்டரில் தொடங்கி 3000 வரை போகிற லென்ஸ் அதில் இருக்கிறது. 125 என்பது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். எட்டு மீட்டர் தொலைவில் அதை முழு ஜூமில் வைத்தால், படத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை அடங்குவது சுமார் பத்து சென்டிமீட்டர். தேன்சிட்டின் நீளமே பத்து சென்டிமீட்டர்! மூக்கு இருந்தால் வால் இருக்காது. அதோடு, முழு ஜூமில் ஏழு மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எதன் மேலும் அது ஃபோகஸ் ஆகாது. அதாவது, காசு கொடுத்து வாங்கும் ஜூமில் பெரும்பகுதி உங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கும்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். சித்திரை வெயில் என்றால் எந்தக் கேமராவும் நல்ல பிள்ளை. நீங்கள் எடுக்கப்போவது கார்த்திகையில், மூடாக்குப் போட்ட காலை ஆறரை மணிக்கு, முருங்கை நிழலுக்குள். இந்த வகைக் கேமராவின் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவின் சென்சார் அதைப் போல சுமார் பன்னிரண்டு மடங்கு பரப்புள்ளது. மங்கலில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். சின்ன சென்சாரில் எடுத்த தேன்சிட்டின் ஊதா கழுத்து, ரவை தூவிய மாதிரி இருக்கும்.

என் யோசனை இது. செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் உடல், கூடவே கேனான் 55-250 எஸ்டிஎம் அல்லது நிக்கான் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ். உடல் எந்தக் கம்பெனியோ லென்ஸும் அதற்கானதாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து, மகன் சொல்லும் கேமராவின் புது விலையில் பாதியை ஒட்டி முடிந்துவிடும். அப்புறம் சந்தையில் ஒரு அகலமான மண் தட்டு வாங்குங்கள். ஜன்னலில் இருந்து நான்கு மீட்டரில், கொய்யாக் கிளை பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு கல்லின் மேல் வைத்து, இரண்டு விரல்கடை ஆழம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தண்ணீருக்கு எந்தக் குருவி வரும் என்று கேட்காதீர்கள். குடிக்க வராது, குளிக்க வரும். மூன்று நான்கு நாள் பழகட்டும்.

250 மில்லிமீட்டர் லென்ஸில், எட்டு மீட்டரில் தேன்சிட்டு படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. நான்கு மீட்டருக்கு அதை வரவழைத்துவிட்டால் கால் பங்குக்கு மேல். தூரத்தைப் பாதியாக்கினால் லென்ஸை இரட்டிப்பாக்கிய கணக்கு. லென்ஸை இரட்டிப்பாக்க ஆகும் செலவை எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரியுங்கள். தட்டின் விலை உங்களுக்கே தெரியும்.

டிரைபாட் வேண்டாம். நம் வீட்டு ஜன்னல் கம்பியும் கட்டையும் எதற்கு இருக்கின்றன? பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரு பக்கமும் தைத்து, உள்ளே புளியங்கொட்டையை முக்கால் பங்கு நிரப்புங்கள். கட்டையில் அதைப் போட்டு, மேலே லென்ஸை அழுத்தி வைத்தால் அசையாது. அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள். நீங்கள் இருட்டில் இருக்கிறீர்கள், குருவி வெளியே இருக்கிறது. அதற்கு உங்களைத் தெரியாது.

ஷட்டர் வேகம் 1/500 நொடியை விட மெதுவாகப் போக வேண்டாம். மழை விட்ட சாயங்காலம் புற்றில் இருந்து ஈசல் கிளம்பினால் மட்டும் 1/1000-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இருபது நிமிடத்துக்காகவே கேமரா வாங்கலாம் என்பேன். கரிச்சான் கம்பியில் இருந்து பாய்ந்து, அந்தரத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். சின்னானுக்கு அந்த வித்தை வராது, தட்டுத் தடுமாறிப் பறக்கும். மைனா பறக்கவே பறக்காது, புற்று வாசலிலேயே நின்று வருவதை வருவதை விழுங்கும். உதிர்ந்த இறக்கை மட்டும் ஈரத் தரையில் ஒட்டிக் கிடக்கும்.

பெரிய ஜூம் வீண் என்று சொல்லவில்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் பேச்சு வேறு. அங்கே நத்தைகுத்தி நாரை கண்மாய்க்கு நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும். தட்டு வைத்துக் கூப்பிட முடியாது. கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத பக்கத்து ஊர் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களும் உங்களைக் கரையைத் தாண்ட விடமாட்டார்கள். அந்த வேலைக்கு பி1000 சரியான கேமரா. ஆனால் நீங்கள் கேட்டது கிணற்றடியைப் பற்றி.

இன்னொன்று. வெளிநாட்டில் வாங்கினால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று மகனைக் கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள். வாய் வார்த்தை வேண்டாம், வாரண்டி அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து "20-180x100" என்று போட்ட பைனாகுலர் ஒன்றை 1,999 ரூபாய்க்கு வாங்கினேன். பார்சல்காரரிடம் பணம் கொடுத்துத்தான் பெட்டியைப் பிரிக்க முடிந்தது. உள்ளே சிவப்புக் கண்ணாடி போட்ட பொம்மை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. பணம் கிடைக்குமா? — கானாடுகாத்தான் வாசகி

பதில்: ஆச்சி, ஒரு ஸ்கேலை எடுத்து அதன் முன்கண்ணாடியின் குறுக்களவைப் பாருங்கள். பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் எண் முன்கண்ணாடியின் அளவு, மில்லிமீட்டரில். 100 என்றால் பத்து சென்டிமீட்டர், ஒரு சொம்பின் வாயளவு இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சொம்பு! உங்கள் கையில் இருப்பது அதில் கால்வாசி இருந்தால் ஆச்சரியம். ஸ்கேலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் மேல் ஒட்டிய சீட்டு, பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரு உறைக்குள் போகட்டும்.

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். சுத்த ஏமாற்று என்று தெரிந்தால் 1930 சைபர் உதவி எண்ணிலும் சொல்லிவையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே, மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: விற்றவருக்கு விலாசம் இருந்தால்தானே நோட்டீஸ் போகும்? 2020 மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் காட்டியாக வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் "சலுகை இன்னும் பத்து நிமிடம்" என்று கடிகாரம் மட்டும் ஓடுகிற பக்கத்தில் அடுத்த முறை எதையும் வாங்காதீர்கள்.

வேறு வாங்குவதாக இருந்தால் 8x42. கடைக்காரர் 10x42 காட்டி அது பெரிது என்பார். பின்னால் இருக்கும் எண்ணை, எத்தனை மடங்கு என்று சொல்லும் முன் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். மூடாக்கு நாளில் ஐந்துக்கு மேல் இருப்பது நல்லது. பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். சட்டைப்பையில் அடங்கும் 10x25-ல் அந்த எண் வெறும் 2.5. கார்த்திகை காலையில் அதில் பார்த்தால் மாங்குயிலும் காக்கைதான்.

மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் "ஐ ரிலீஃப்", அதாவது கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்ற தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கம்பெனியின் 8x42 பத்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. கடை வாசலில் நின்று, எதிர்க்கடை போர்டின் எழுத்தைப் பார்த்து, தலை வலிக்கவில்லை என்றால் வாங்குங்கள்.

கேள்வி: காரைக்குடியில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பூஞ்சையை. மூன்று வருடம் முன்பு நானே ஒரு கடையில் ஏமாந்தேன். கடை எந்த ஊர் என்பது வேண்டாம். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். நானும் வெளியே கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். மறுநாள் இரவு கரண்ட் போனபோது, டார்ச் வெளிச்சம் தற்செயலாக லென்ஸின் பின்பக்கம் பட்டது. உள்ளே சிலந்தி நூல் மாதிரி, நடுவில் இருந்து கிளை கிளையாக! திருப்பிக் கொடுக்கப் போனால், "வாங்கும்போது இல்லை சார், உங்கள் வீட்டு ஈரத்தில் வந்தது" என்றார்கள். பில்லில் நிலைமை எதுவும் எழுதி வாங்கவில்லை. என் தப்பு.

அதனால், இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கம் இருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் இருந்தால் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும். பில்லில் "பூஞ்சை இல்லை, 7 நாளில் திருப்பலாம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

வாங்கிய பின் தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். நம் வீட்டுச் சுவர் மழைக்காலம் முழுக்க ஈரம் கக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடலாம். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசித் தவிடு லென்ஸுக்குள் போகும், வேண்டாம்.

கேள்வி: ஹம்மிங் பேர்ட் ஃபீடர் என்று சிவப்பாக ஒன்று ஆன்லைனில் வருகிறது. தேன்சிட்டு வருமா?

பதில்: ஹம்மிங் பேர்ட் அமெரிக்கக் கண்டங்களின் பறவை. இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. நம் தேன்சிட்டு பூவில் உட்கார்ந்து குடிக்கும். அதற்கு இட்லிப்பூச் செடி ஒன்று வையுங்கள். கூடவே விற்கும் சிவப்புப் பொடியை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: பட்டாலையில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு காலையில் இருந்து கொத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி எங்கள் ஐயா காலத்தது. குருவி விரட்டும் ஸ்பிரே எது நல்லது?

பதில்: எதுவும் நல்லதில்லை. கண்ணாடிக்குள் இன்னொரு ஆண் தன் இடத்தைப் பிடிக்க வந்திருப்பதாக அது நினைக்கிறது. பழைய வேட்டியால் பத்து நாள் மூடி வையுங்கள்.

கேள்வி: பள்ளத்தூர். விடிகாலையில் வளவுக்குள் ஒரு பறவை வந்து தூணோரம் பதுங்கிவிட்டது. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலே இல்லாத மாதிரி இருந்தது. பையன் அழுது அடம் பிடித்ததால் 850 ரூபாய்க்குக் கூண்டு வாங்கி வந்துவிட்டேன். என்ன தீனி வாங்க வேண்டும்?

பதில்: பொன்னுத்தொட்டான் அது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலத்தில் தெற்கே வரும். இரவில்தான் பறக்கும். களைத்துப் போய் விடியற்காலையில் வீடுகளுக்குள் விழுவது ஐப்பசி, கார்த்திகையில் நடப்பதுதான்.

தீனி வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீரும் ஊற்றாதீர்கள். நான்கைந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு துணியைப் போட்டு, அதை உள்ளே விட்டு, சத்தமில்லாத இருட்டு அறையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். அப்புறம் பின்கட்டில், சருகு கிடக்கிற மரத்தடியில், பூனை இல்லாத நேரமாகப் பார்த்துப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். பையன் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே கதைதான். கூண்டுக்குப் பில் வைத்திருக்கிறீர்கள்தானே? இன்றே போய்த் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பணமாகத் தர மாட்டேன் என்றால், அதே கடையில் மண் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.