அன்று எங்கே இருந்தோம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பாபநாசத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. 2004 டிசம்பர் 26 அன்று எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அம்மா அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுனாமி என்றார்கள். கருப்பாக ஒரு தண்ணீர், வயல்களையும் வீடுகளையும் கார்களையும் மூடிக்கொண்டே போவதை மேலிருந்து காட்டினார்கள். அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார்.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளை ஒட்டி இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பள்ளி ஆண்டு மலரிலும் எழுதியிருக்கிறேன். 2024 டிசம்பரில் 20 வருடம் நிறைந்ததே, அன்று அண்ணனோடு பேசும்போது இதைச் சொன்னேன். “நீ கதை கட்டுறே” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்று அவர் பள்ளியில் இருந்தாராம். தலைமையாசிரியர் மணி அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாராம். வீட்டுக்கு வந்தபோது டிவியே ஓடவில்லையாம், அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

அதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. நான் பொய்யா சொல்லிக்கொண்டிருந்தேன்? இனி பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா?

பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். சாவியை எங்கள் வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கிள் மட்டும்தான் திரும்பி வந்தார். இதில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. முதலில் அது உங்கள் மனதில் பதிய வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் காட்சி அன்றைய காட்சி இல்லை. வயல்வெளியை மூடிக்கொண்டு கருப்பாக நகரும் தண்ணீர், அதுவும் மேலிருந்து எடுத்தது என்றால், எனக்குத் தெரிந்து அது 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் எடுத்த படம். செண்டாய் பக்கத்து வயல்களை அலை விழுங்கிக்கொண்டு போனதை அந்த நாட்டு என்.எச்.கே. தொலைக்காட்சி ஹெலிகாப்டரிலிருந்து நேரலையாகவே காட்டியது. உலகம் முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்போது உங்களுக்கு இருபது வயது இருந்திருக்கும். கல்லூரியிலோ விடுதியிலோ பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் ஆறு வருடம் பின்னால் போய் உங்கள் அம்மாவின் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சரி, அண்ணன் சொல்வதாவது சரியா? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அரையாண்டு விடுமுறை. அன்றைக்குத் தலைமையாசிரியர் மணி அடித்திருக்க வழியே இல்லை. அதே வருடம் ஜூலை 16, வெள்ளிக்கிழமை, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். அன்று அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த மணியைத்தான் உங்கள் அண்ணன் கேட்டிருக்கிறார் என்பது என் ஊகம். வாசல்படியில் அம்மா அழுததும் அன்றைக்காகவே இருக்கலாம். ஐந்து மாத இடைவெளியில் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பெரிய சாவுகளைப் பார்த்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அதனால் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார் என்பதற்காக உங்கள் நினைவை அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

என் கதையையும் சொல்கிறேன். அப்போது நான் திருவாரூரில் இருந்தேன். நாகப்பட்டினம் அங்கிருந்து 25 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நாகையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, “நாகையில சுனாமி வந்துடுச்சு சார், எல்லாம் போச்சு” என்றார். டீ கிளாஸை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடம் பலரிடம் இப்படித்தான் சொல்லிவந்தேன்.

2014-இல், பத்தாம் ஆண்டுக்கு ஏதாவது எழுதலாம் என்று பழைய டைரியை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: “முடிவெட்டப் போன இடத்தில் ரேடியோவில் பூகம்பம் என்றார்கள். மெட்ராஸிலும் ஆட்டம் தெரிந்ததாம். பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். நாகைக்குப் பஸ் போகவில்லை. கடல் ஊருக்குள்ளே வந்துவிட்டதாம். தனுஷ்கோடி மாதிரி என்று ஒரு பெரியவர் சொன்னார்.”

டீக்கடை இல்லை. கண்டக்டர் இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த சலூன் நாற்காலி இன்றுவரை என் நினைவுக்கு வரவில்லை. எழுத்து என்னுடையது, மை என்னுடையது, ஆனால் வேறு யாரோ ஒருவருடைய காலையைப் படிப்பதுபோல் இருந்தது.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. அதில் ‘சுனாமி’ என்ற சொல்லே இல்லை. எப்படி இருக்கும்? அன்று காலை நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்? கடல் பொங்கிடுச்சு என்றார்கள், கடல் உள்ள வந்துடுச்சு என்றார்கள், கொந்தளிப்பு என்றார்கள். கடல்கோள் என்று தமிழ்ப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான், ஆனால் அந்தச் சொல்லும் யார் வாயிலும் வரவில்லை. வயதானவர்கள் 1964 டிசம்பரில் புயலில் போன தனுஷ்கோடியைச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த கடல் அழிவு அதுதான். ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல் வானொலியும் தொலைக்காட்சியும் பத்திரிகையும் சொல்லிச் சொல்லித்தான் நம் வாய்க்கு வந்தது. ஆழிப்பேரலை அதற்கும் பிறகு. அன்று காலையைப் பற்றி நாம் சொல்லும் கதையில் யாராவது ஒருவர் சாதாரணமாக ‘சுனாமி’ என்கிறார் என்றால், அந்த இடத்தில் பிற்பாடு கை பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். என் கண்டக்டர் அந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டார்.

இது நம் இருவருக்கும் மட்டும் நடப்பது இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மறுநாளே மாணவர்களிடம், நேற்று செய்தியை எங்கே கேட்டீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டார். கால்வாசிப் பேர் எல்லாவற்றையும் தவறாகச் சொன்னார்கள், அவர்களில் சிலர் மிக உறுதியாக. ஒரு மாணவி வகுப்பறையில் சிலர் பேசிக்கொண்டதைக் கேட்டதாக முதலில் எழுதியிருந்தார். பின்னால், விடுதி அறையில் தோழியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது என்றார். உங்களுக்கு நடந்ததேதான். டிவியில்தான் முதலில் தெரிந்துகொண்டோம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கை அந்த இரண்டரை வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு யாருக்கும் திரும்பவில்லை. ஆமாம், எழுத்து என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மனதில் இருந்ததை விடமுடியவில்லை.

ஏன் டிவி? ஒரு பெரிய சாவைப் பற்றி அதன் பிறகு நாம் பார்த்ததெல்லாம் டிவியில்தான். நாள்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். முதலில் செய்தி காதில் விழுந்த அந்த அரை நிமிடம், சலூனோ வாசலோ, அதன் அடியில் போய்விடுகிறது.

இந்த வகை நினைவுக்கு ‘ஃப்ளாஷ் பல்ப்’ நினைவு என்று 1977-இல் பெயர் வைத்தவர்கள் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற உளவியலாளர்கள். போட்டோ எடுத்ததுபோல் பதிகிறது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஆனால் அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை எங்கே கேட்டோம் என்ற நினைவு, அவர்கள் கேட்ட 40 கறுப்பினத்தவரில் 30 பேருக்கு இருந்தது. 40 வெள்ளையரில் 13 பேருக்குத்தான். ஒரே நாடு, ஒரே சாவு. யாருக்கு அது தன் வீட்டுச் சாவோ அவருக்குத்தான் அந்த நாள் நிற்கிறது. தேசத்தின் துக்கம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அங்கே யாரும் யாரிடமும் ‘அன்று நீ எங்கே இருந்தாய்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கரைக்கு உள்ளே, தூரத்தில் இருந்த நம்மைப் போன்றவர்கள்தான் அதைக் கேட்டுக்கொள்கிறோம்.

2005-இல் நண்பர்களோடு நாகை மீனவ ஊர்களான கீச்சாங்குப்பத்துக்கும் அக்கரைப்பேட்டைக்கும் பலமுறை போனேன். தற்காலிகக் கொட்டகைகளில் ஜனங்கள் இருந்த காலம். ஒரு அம்மா பேசினார். அலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினாராம். இரட்டைப் பின்னல். “ஒரு பக்கம் பின்னியாச்சு. ரிப்பன் எடுக்க உள்ள போனேன். கடலு உள்வாங்கிடுச்சு, மீனெல்லாம் தரையில கெடக்குன்னு புள்ளைங்க கத்துச்சுங்க. ஒத்தப் பின்னலோட ஓடுச்சு.” சொல்லிக்கொண்டே அவருடைய விரல்கள் புடவைத் தலைப்பை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தன. பின்னுவதை அவர் கவனிக்கவில்லை. முடியும் இடம் வந்ததும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 29 நிமிடம். நாகைக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று இல்லை. ஹைதராபாத்தில் நமக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் அந்த அம்மா எண்ணெய் வைத்தார், ஒரு பக்கம் பின்னினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள்ளே ஓட அந்த நேரம் போதும், போதும், மிக தாராளமாகப் போதும். யாரோ ஒருவர் வந்து சொல்லியிருந்தால். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள், நிறுத்தவே வேண்டாம். இந்த வருடம் இந்தத் தவறையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், அந்தப் படம் ஜப்பானுடையது, என் அண்ணன் கேட்ட மணி கும்பகோணத்துடையதாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும். கூடவே கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், அம்மா இருக்கிறார் அல்லவா? அவர் அன்று எங்கே இருந்தார் என்று நீங்களும் சொல்கிறீர்கள், அண்ணனும் சொல்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் உங்களுடையதை ஒரு தாளில் எழுதுங்கள், அண்ணனும் தனியாக எழுதட்டும், ஒருவருக்கொருவர் காட்டாமல். அம்மா சொல்வதைப் பேரப்பிள்ளைகள் யாராவது எழுதிக்கொள்ளட்டும். பேசிவிட்டு எழுதினால் ஒருவர் நினைவு இன்னொருவருக்குத் தொற்றிவிடும். மூன்று தாளையும் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பலமுறை படித்தேன். டிவி ஓடியதா இல்லையா என்பதற்கு அவ்வளவு எழுதிவிட்டு, பக்கத்து வீட்டைப் பற்றி நாலு வரியோடு முடித்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் அண்ணனுக்கும் சண்டையே இல்லாத ஒரே இடம் அதுதான். அந்தச் சாவி உங்கள் வீட்டில் எந்த ஆணியில் தொங்கியது? எத்தனை நாள் தொங்கியது? அந்த அங்கிள் திரும்பி வந்தபோது அதை எடுத்து அவர் கையில் கொடுத்தது யார்?

அம்மாவிடம் கேளுங்கள். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்