ப்ரெய்ரி டாக் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? – வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: என் தம்பி பையன் டென்வர்ல ஐடி வேலைல இருக்கான், எச்1பி விசா. கூட வேலை பாக்குற அமெரிக்கர் ஒருத்தர் சவுத் டகோட்டாவுக்கு ப்ரெய்ரி டாக் சுடப் போலாம் வான்னு கூப்பிடுறாராம். நான் ரைஃபிள் கிளப் மெம்பர்ங்கிறதால .22 போதுமா பெரிய காலிபர் (குழலோட உள் அளவு) வேணுமான்னு என்கிட்ட கேக்குறான். நான் சுட்டதெல்லாம் பேப்பர் டார்கெட்தான், நீங்க சொல்லுங்க. (வாசகர், கோவை)

பதில்: சார், காலிபருக்கு முன்னாடி சட்டம். எச்1பி மாதிரி தற்காலிக விசால இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக் கூடாதுன்னு அமெரிக்க ஃபெடரல் சட்டம் சொல்லுது, நண்பரோடதை கொஞ்ச நேரம் வாங்கிப் பிடிச்சாலும் சிக்கல்தான். ஆனா அங்க ஏதாவது ஒரு மாநிலத்துல முறையா எடுத்த வேட்டை லைசன்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. அதனால தம்பி பையன் பேர்லயே சவுத் டகோட்டாவோட வெளிமாநில லைசன்ஸை முதல்ல எடுக்கச் சொல்லுங்க, அது கைக்கு வந்தப்புறம்தான் ரைஃபிளைத் தொடணும்.

இப்ப காலிபர். ப்ரெய்ரி டாக்னா நாய் இல்ல, அணில் ஜாதி, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை, வளைக்கு வெளிய மண்மேட்டுல நிமிர்ந்து நிக்கும்போது நாலு விரல் அகலம்தான் தெரியும். இதுக்கு பலம் வேணாம், துல்லியம்தான் வேணும். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்ங்கிற சின்ன தோட்டா) விலை கம்மி, 100 கஜத்துக்குள்ள நல்லாருக்கும், ஆனா 2.6 கிராம் ஈயக்குண்டு மெதுவா போறதால தரையில பட்டு உடையாம எகிறிப் போகும், பக்கத்துல மாடு மேயுற இடத்துல எனக்கு அது பிடிக்காது. 2002ல வந்த .17 ஹெச்எம்ஆர்ங்கிற தோட்டாவுல குண்டு வெறும் 1.1 கிராம், செகண்டுக்கு 770 மீட்டருக்கு மேல பறக்கும், பட்ட இடத்துல சிதறிடும். 150 கஜம் வரை அருமை, அதுக்கு மேல காத்து ஜெயிச்சிடும், அந்தப் புல்வெளியில காத்து நிக்கவே நிக்காது, 200 கஜத்துல சாதாரண காத்துக்கே ஒரு ஜாணுக்கு மேல தள்ளி விழும்.

என்னைக் கேட்டா .223 ரெமிங்டன்தான். 300 கஜம் வரை தெம்பா போகும், தோட்டா எல்லா கடையிலயும் கிடைக்கும், உதை கம்மிங்கிறதால சுட்டது எங்க பட்டுச்சுன்னு ஸ்கோப்லயே (குறி பாக்குற தூரக்கண்ணாடி) பாக்கலாம். .22-250 இன்னும் வேகம், 400 கஜம் கூட போகும், ஆனா வெடிமருந்து ஜாஸ்தி எரியறதால பேரல் (துப்பாக்கிக் குழல்) சீக்கிரம் சூடாகும். இந்த சூடுதான் புதுசா போறவங்களுக்குத் தெரியாது. ஒரு நாள்ல 200, 300 தோட்டா போற ஆட்டம் இது. ஒரு தடவை அங்க போயிருந்தப்ப இருபது ரவுண்டு வேகமா சுட்டுட்டு பேரல்ல விரல் வச்சேன், தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டேன், ஸ்கோப்ல பாத்தா கத்திரி வெயில்ல தார் ரோடு அலையடிக்கிற மாதிரி மண்மேடு ஆடுது, எங்க குறி வைக்க! அதான் அனுபவஸ்தங்க ரெண்டு ரைஃபிள் கொண்டு போய் மாத்தி மாத்தி ஆற விடுவாங்க.

கேள்வி: ஒரு அணிலைப் போய் ஏன் சுடணும்? பாவம் இல்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, மாட்டுப் பண்ணைக்காரங்க கோபம் பொய் இல்ல, மேய்ச்சல் புல்லை இதுங்க தின்னுடும். ஆனா உங்க பக்கமும் நியாயம் இருக்கு, பொழுதுபோக்குக்காக மட்டும் கொன்னு குவிக்கிறது எனக்கும் ஒப்பல. கருங்கால் ஃபெரட்னு கீரி மாதிரி ஒரு பிராணி, அதுக்கு சாப்பாடே கிட்டத்தட்ட ப்ரெய்ரி டாக்தான். விஷம் வச்சு, நிலத்தை உழுது, ப்ளேக் நோயும் சேர்ந்து இரை போனதுல அந்த இனமே அழிஞ்சதுன்னு நினைச்சாங்க, 1981ல வயோமிங்ல மீட்டீட்சி ஊர் பக்கம் ஒரு பண்ணை நாய் ஒண்ணைக் கவ்விக்கிட்டு வந்தப்பதான் மிச்சம் இருக்குறதே தெரிஞ்சது. 1987ல எல்லாத்தையும் பிடிச்சு வந்து எண்ணினப்ப மொத்தமே 18. இன்னிக்கு காட்டுல இருக்கிற ஃபெரட் அத்தனையும் அதுங்க வம்சம்தான். சவுத் டகோட்டாவுலயே கொனாட்டா பேசின்ல அதுங்களை விட்டு வளக்குறாங்க, அங்க ப்ரெய்ரி டாக் சுடத் தடை. கோவை சார், தம்பி பையன் போற இடம் எதுன்னு மேப் பாத்து உறுதி பண்ணிக்கச் சொல்லுங்க.

கேள்வி: சுட்டதை என்ன பண்ணுவாங்க, சாப்பிடுவாங்களா? (வாசகர், நாமக்கல்)

பதில்: பெரும்பாலும் அப்படியே விட்டுட்டு வந்துடுவாங்க, எனக்கு ரொம்ப உறுத்துற விஷயமே இதுதான். ஈயத் தோட்டா உள்ள பொடிப்பொடியா சிதறி கிடக்கும், அந்தப் பிணத்தை கழுகும் பருந்தும் வந்து கொத்தும், ஈயம் அதுங்க ரத்தத்துல ஏறும். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. ஈயம் இல்லாத தோட்டா .17 ஹெச்எம்ஆருக்கும் .223க்கும் கடையிலயே கிடைக்குது, விலை கொஞ்சம் கூடத்தான், பரவாயில்ல, அதை வாங்கட்டும். செத்ததை வெறுங்கையால தொடவே கூடாது, அது மேல இருக்குற தெள்ளுப்பூச்சியில ப்ளேக் கிருமி இருக்கலாம்.